சீக்குக்கோழி

வகுப்பில் கண் சொருகினால், “ஏன் சீக்குக்கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்காத ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை. தலையை உள்ளிழுத்து, இறகை உப்பவைத்து, பாதிக் கண் மூடி ஒரு மூலையில் நிற்கும் கோழி. அதை நேரில் பார்க்காதவர்களுக்கும் அந்தப் படம் மனத்தில் இருக்கும். அந்தப் படத்தில் ஒரு பிழை உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோழி செலவாயிற்று. அப்படி நிற்பது நோய் தொடங்கியதன் அடையாளமன்று. அதற்குமேல் மறைக்க முடியாமல் கோழி தோற்றுப்போன நாள் அது.

எங்கள் கொல்லையில் அப்போது நான்கு பெட்டைகள் இருந்தன. செம்பி அவற்றில் மூன்றாவது. வயதில் அல்ல, அதிகாரத்தில். காலையில் கூட்டின் கதவைத் திறந்ததும் முதலில் பாய்ந்து வெளியே வருவது அவள்தான். தீனித்தட்டில் மற்ற இருவர் வந்து தள்ளும்வரைக்குமாவது நாலு வாய் தின்றுவிட வேண்டும் என்ற கணக்கு. ஒரு நாள் அவள் கடைசியாக வந்தாள். மறுநாள் வரவே இல்லை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், வாலைத் தாழ்த்திக்கொண்டு, நான் மேலே சொன்ன அதே படமாக நின்றிருந்தாள்.

முந்தைய இரண்டு மூன்று நாட்களை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். தின்றுகொண்டுதானே இருந்தாள்? தட்டருகே மற்றவர்களோடு நின்று தலையைக் குனிந்து குனிந்து கொத்தியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நோயுற்ற கோழி தின்பதுபோல் கொத்தும், ஆனால் விழுங்காது என்று பிறகுதான் தெரிந்தது. வேட்டையாடித் தின்னப்படும் பிராணிக்கு நோயைக் காட்டிக்கொள்வது ஆபத்து. பருந்து மட்டுமல்ல, சொந்தக் கூட்டமே பலவீனமான கோழியைக் கொத்தித் துரத்தும். ஆகவே செம்பி மூன்று நாள் தின்பதாக நடித்திருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துத் திருப்திப்பட்டவன் நான்.

அடுத்த சில மணி நேரத்தில் நான் செய்த எல்லாமே அன்பினால் செய்தவை. கிட்டத்தட்ட எல்லாமே தவறு.

முட்டை சிக்கிக்கொண்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். முட்டையிடும் கோழி சோர்ந்து நின்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வெதுவெதுப்பான நீரில் வயிறு முங்க வைத்தால் தசை தளரும் என்று படித்திருந்தேன். அப்படி வைப்பதும் உண்டுதான். ஆனால் முட்டை இருக்கிறதா என்று பார்க்காமலே வாளியில் இறக்கினேன். கையுறை போட்டு, விரலில் வழுவழுப்புக்கு எதையாவது தடவி, ஆசனவாய்க்குள் மெதுவாக விட்டால், சிக்கிய முட்டை பெரும்பாலும் விரல் நீளத்துக்குள் தட்டுப்பட்டுவிடும். இருந்தால் உள்ளே உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடு கிழித்தால் உயிர் போகக்கூடும். இதெல்லாம் பின்னால் கற்றது. அன்றைக்கு நான் சாதித்தது, ஏற்கெனவே உடம்புச் சூடு குறைந்திருந்த ஒரு கோழியைத் தொப்பலாக நனைத்தது மட்டும்தான். நனைந்த இறகு கோழிக்குச் சட்டையாக உதவாது, சுமையாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் துணியால் துடைத்தும் முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றை எட்டப் பிடித்தும் உலர்த்தினேன்.

அடுத்து, தண்ணீர். குடிக்கவில்லையே என்ற பதற்றத்தில் சிரிஞ்சில் நீரெடுத்து, அலகைத் திறந்து, உள்ளே செலுத்தினேன். செம்பி இருமினாள். கோழி இருமி நான் கேட்டது அதுதான் முதல்முறை. களக் களக் என்று ஒரு சத்தம், தலையை உதறினாள், மூக்குத் துளையில் நீர்க்குமிழி. கோழியின் வாயைத் திறந்து நிதானமாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாக்கு முடியும் இடத்திலேயே நடுவில் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். வாய்க்கு நேரே நீரைப் பாய்ச்சுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். கோழி நம்மைப்போல் உறிஞ்சிக் குடிப்பதில்லை. அலகில் அள்ளி, தலையைத் தூக்கி, நீர் தானாக இறங்க விடுகிறது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும். அது உள்ளே கசியும், கோழி நாக்கைச் சப்பி விழுங்கும், பிறகு அடுத்த சொட்டு. அரை மணி நேரத்தில் பத்து மில்லி இறங்கினால் வெற்றி.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் காலமெல்லாம் கோழியோடு வளர்ந்தவள். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

“அதை ஒரு இருட்டான, கதகதப்பான இடத்தில் விடு” என்றாள்.

“சரிம்மா. அப்புறம்?”

“அப்புறம் நீ அந்த அறையை விட்டு வெளியே வா.”

அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, ஒரு மூலையில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். சூடு அதிகமானால் விலகிப்போக மறு மூலை காலியாக இருக்க வேண்டும். கோழியின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் உடம்பில் அது கடுங்காய்ச்சல். அந்தச் சூட்டைத் தக்கவைக்க நிறைய தின்ன வேண்டும். தின்னாத கோழி முதலில் இழப்பது அந்தச் சூட்டைத்தான். உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் அசைவு நின்றுபோகும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை காலியாகாது. அந்த நிலையில் அன்பு மிகுந்து எதையாவது ஊட்டினால் அது அங்கேயே புளிக்கும், அழுகும். எனவே முதலில் சூடு, அடுத்து நீர், அதற்கும் பிறகுதான் தீனி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யத்தான் கை துடிக்கும். நோயாளியைப் பார்த்ததும் “ஏதாவது சாப்பிட்டாயா?” என்று கேட்டே பழகிய கூட்டமல்லவா நாம்.

மற்ற மூவரையும் தொட்டபின் அவளையோ, அவளைத் தொட்டபின் மற்றவர்களையோ கையாளும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென்று சாயுமானால் அது வீட்டு வைத்தியத்துக்குரிய விஷயமே அல்ல. வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். செத்ததைத் தொடாமல் அரசுக் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூட்டில் மற்ற மூவரும் வழக்கம்போல் குப்பையைக் கிளறிக்கொண்டு, செம்பி என்று ஒருத்தி இருந்ததே தெரியாததுபோல் திரிந்தார்கள்.

பெட்டியில் இருக்கும் கோழி நம்மிடம் பேசுவது எச்சத்தின் வழியாகத்தான். துண்டுக்குமேல் வெள்ளைத்தாள் விரித்துவைத்தேன். நல்ல எச்சம் பழுப்பாக, உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். நாளில் சில தடவை ஒட்டும் பசையாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அதைக் கண்டு கழிச்சல் என்று பதறுவார்கள். பயப்பட வேண்டாம், அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானது. இரத்தம் கலந்திருந்தால் இரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். செம்பி போட்டது இவற்றில் எதுவுமில்லை. பளிச்சென்ற பச்சையில் ஒரு கோடு, சுற்றிலும் நீர். வயிற்றில் தீனி இல்லாமல் பித்தநீர் மட்டும் இறங்கினால் அந்த நிறம் வரும். தின்பதாக நடித்தவளின் குட்டு தாளில் வெளிப்பட்டது.

கால்நடை மருத்துவரைக் கண்டுபிடிப்பது தனிக்கதை. ஓரிடத்தில், “நாய், பூனை மட்டும்தான்” என்றார்கள். இன்னோரிடத்தில் ஆயிரம் கோழி இருந்தால் வருவார்களாம். ஒரு கோழி என்றதும் எதிர்முனையில் சின்னச் சிரிப்பு. கோழிப்பண்ணை மருத்துவம் என்பது கூட்டத்துக்கான மருத்துவம். அங்கே ஒரு பறவை என்பது ஆய்வுக்கு அனுப்பும் மாதிரி. ஒற்றைக் கோழியை நோயாளியாகப் பார்க்க வேறு மனம் வேண்டும். மூன்றாவது நாள், பறவைகளும் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் கிடைத்தார். அதற்குள் வீட்டிலிருந்த மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை அலமாரியைத் திறந்து மூடியிருந்தேன். கொடுக்காதது நான் அந்த வாரம் செய்த உருப்படியான காரியம்.

சமையலறைத் தராசில் அவளை நிறுத்திருந்தேன். 2,080 கிராம். நன்றாக இருந்தபோது 2,150. பெரிய இழப்பில்லை என்று டாக்டரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் என் விரல்களைப் பிடித்து செம்பியின் நெஞ்சில் வைத்தார். இறகுக்கடியில் மார்பெலும்பு கத்தியின் முதுகுபோல் துருத்திக்கொண்டிருந்தது. இருபுறமும் இருக்க வேண்டிய சதை இல்லை. அதே விரல்களைக் கீழே, கால்களுக்கு நடுவே நகர்த்தினார். அங்கே நீர் நிரப்பிய பலூன் ஒன்று தளும்பியது.

“உடம்பு கரைந்த அளவுக்கு வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றார்.

கோழியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காதீர்கள் என்றும் சொன்னார். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வர வேண்டும். மார்பை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். செம்பிக்கு உள்ளே இருந்து நீர் அந்தப் பைகளை நெருக்கிக்கொண்டிருந்தது. வெளியே இருந்து என் அன்பு நெருக்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூச்சுவிட்டதும், பென்குவின்போல் நிமிர்ந்து நின்றதும் அதனால்தான்.

ஊசி குத்தி, வைக்கோல் நிறத்தில் முந்நூறு மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார். ஒரேயடியாக முழுதும் வடித்தால் அதிர்ச்சியில் சாகக்கூடும் என்று பாதியில் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து மறுபடி தராசில் வைத்தேன். 1,790. இப்போதுதான் தராசு உண்மையை நெருங்கியது.

முட்டை வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம், வேறு காரணங்களும் உண்டு, திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெட்டைக்கோழிக்கு இடதுபக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். அங்கிருந்து விடுபடும் மஞ்சள்கருவை ஒரு புனல் ஏந்திக்கொள்ள வேண்டும். ஏந்தினால் அது வெள்ளைக்கரு சேர்ந்து, சவ்வு சேர்ந்து, இருபது மணி நேரம் ஓடு கட்டி, ஏறக்குறைய ஒரு நாளில் வெளியே வரும். புனல் தவறவிட்டால் மஞ்சள்கரு வயிற்றுக்குள் விழும். பல தடவை உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். கிருமி சேர்ந்தால் சீழ். கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு டஜன் முட்டை, சற்றுக் கூடக் குறைய இடும். நாம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்கள் முந்நூறு வரை இடுகின்றன. முந்நூறு தடவை அந்தப் புனல் பிசகாமல் ஏந்த வேண்டும், முந்நூறு தடவை எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கொடுத்து ஓடு கட்ட வேண்டும். காலையில் கூட்டுக்குள் கைவிட்டுச் சூடான முட்டையை எடுக்கும்போது நான் இதையெல்லாம் நினைத்ததில்லை. நினைத்திருந்தாலும் எடுத்திருப்பேன்.

பிறகு வந்தவை சலிப்பான வாரங்கள். காலை மாலை மருந்து. அவள் முட்டை ஏதும் இட்டால் தின்னாமல் எறிந்துவிட வேண்டும், மருந்து முட்டையில் இறங்கும் என்றார் டாக்டர். எறிய எதுவும் வரவில்லை. சினைப்பைக்கு ஓய்வு கிடைக்க வெளிச்ச நேரத்தைக் குறைத்தோம். பகல் நீளமாக இருந்தால்தான் கோழி உடம்பு முட்டையை நினைக்கும். விடியுமுன் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். இரவு தின்றது கரைந்து பை தட்டையாக இருந்தால் அந்த நாள் நல்ல நாள். தானியம் இறங்காத நாட்களில் வேகவைத்த மஞ்சள்கருவைக் குழைத்து வைத்தேன். அதைத்தான் ஆசையாகத் தின்றாள். மஞ்சள்கருவால் வந்த நோய்க்கு மஞ்சள்கருவே பத்தியம்.

ஐந்தாம் வாரம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். முட்டையிடும் முன் பெட்டைகள் இழுத்து இழுத்துக் கேறுமே, அது. முட்டை ஏதும் வரவில்லை. பொழுதுபோகாமல் கேறியிருக்கிறாள். இறகைக் கோதி முடித்து, தட்டைக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்து இன்னொரு முறை கேறினாள்.

கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பது நோயைவிடக் கடினமாக இருந்தது. கோழிகளின் கொத்து வரிசையை முதலில் விவரித்தவர் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவந்து, 1921-இல் அதை ஆய்வாக வெளியிட்டார். யார் யாரைக் கொத்தலாம் என்பது ஒரு தடவை தீர்ந்துவிட்டால் கூடு அமைதியாக இருக்கும். ஒருத்தி சில வாரம் காணாமல்போய் வந்தால் அந்தக் கணக்கு முழுதும் மறுபடி போடப்படும். பெட்டியைத் தொடக்கத்திலிருந்தே கம்பிவலைக்கு அப்பால், மற்றவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். நான் வீட்டுக்குள் வைத்திருந்தேன். எனவே செம்பி அந்நியள். முன்பு அவளுக்குப் பயந்து தட்டை விட்டு ஒதுங்கிய நான்காமவள்தான் முதல் நாள் அதிகம் கொத்தினாள். கொண்டையில் இரத்தம் பார்த்ததும் நடுவில் வலை கட்டி, பத்து நாள் பக்கத்துப் பக்கத்தில் விட்டேன். பிறகு ஒரு மாலை, கோழி அடைந்த பிறகு, இருட்டில் அவளைத் தூக்கிக் கம்பின் ஓரத்தில் வைத்தேன். காலையில் நான்கு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். செம்பி நான்காவதாக.

மூன்று மாதம் அப்படி இருந்தாள். பிறகு வயிறு மறுபடி தளும்பியது. நீரை எடுத்தோம், மூன்று வாரத்தில் சேர்ந்தது. மறுபடி எடுத்தோம், ஒன்பது நாளில் சேர்ந்தது. நாட்களை எண்ணிப் பார்த்தாலே போதும், வேறு ஸ்கேன் வேண்டாம். ஆனாலும் நான் தீர்மானிக்கவில்லை. கொல்லையில் மதிய வெயில் விழும் இடத்தில் ஒரு குழி உண்டு. அங்கே நால்வரும் சாய்ந்து, புழுதியை இறகுக்குள் அள்ளிப் போட்டுக் குளிப்பார்கள். அதில் இடம் பிடிக்கச் சண்டைகூட நடக்கும். அன்று குழி காலியாகத்தான் இருந்தது. செம்பி அதன் விளிம்புவரை போனாள், நின்றாள், திரும்பி வந்து நிழலில் நின்றாள். மறுநாளும் அப்படியே. டாக்டரை அழைத்தேன். மயக்க மருந்து, பிறகு ஊசி. என் மடியில் துண்டுக்குள் இருந்தாள்; மார்பை அழுத்தாமல் பிடிக்க அதற்குள் பழகியிருந்தேன்.

திறந்து பார்க்கவா என்று டாக்டர் கேட்டார். சரி என்றேன். மஞ்சள்கரு அழற்சி அல்ல. சினைப்பையில் புற்று. திராட்சைக் கொத்துபோலக் குடல்மேலும் பரவியிருந்தது. தானாகவே இந்த நோய் வரும் பிராணிகள் குறைவு, பெட்டைக்கோழி அவற்றில் ஒன்று, பெண்களின் சினைப்பைப் புற்றை ஆராய்பவர்கள் கோழியை வைத்து ஆராய்வது அதனால்தான் என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். முதல் நாளே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதை என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முட்டைக் கணக்கு. நால்வரில் செம்பியின் முட்டை மட்டும் அடர்பழுப்பு, அதனால் அவள் கணக்கைத் தனியாகப் பிரிக்க முடியும். அவளைப் புதைத்த அன்று இரவு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்ற நாளுக்கு ஏழு வாரம் முன்பு, என் கையெழுத்தில்: “பழுப்பு 1, ஓடு தாள்போல் மெல்லியது.” அதற்குப் பிறகு பழுப்பு என்ற சொல்லே இல்லை. நாற்பத்தொன்பது நாள் நான் தவறாமல் தேதி போட்டு, வெள்ளை 2, வெள்ளை 3 என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன்.

இப்போது கோழி அடைந்த பிறகு டார்ச் விளக்கோடு போகிறேன். ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் இரண்டு விரல், வயிற்றடியில் உள்ளங்கை. முதலாமவளுக்கு இது அறவே பிடிப்பதில்லை. தூக்கத்திலேயே முனகி, என் கைமேல் ஒரு கொத்து வைத்துவிட்டுத்தான் மறுபடி தலையைச் சிறகுக்குள் செருகுவாள்.